மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிபென் குளிசை எடுக்கும் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. குளிசையைத் தொடரலாமா? பிறகு பால் கொடுக்கலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவது ஒரு முழுநாள் வேலை என்று எனக்குத் தெரியும். அதற்காக அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருக்க வேண்டாம். இன்றைக்கே சிறுநீரைச் சோதியுங்கள். கரு தங்கியிருந்தால் உடனே புற்றுநோய்ப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தமொக்சிபென் சிசுவைப் பாதிக்கக்கூடியது, கர்ப்பகாலத்தில் அதைக் கொடுப்பதில்லை. ஆனால் தெரியாமல் எடுத்துவிட்டதால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்று அயலில் யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். அதை ஸ்கான் பார்த்து வைத்தியர் சொல்லட்டும்.

புற்றுநோய் மருந்து எல்லாம் ஒன்றல்ல. என் மச்சாளுக்கு ஐந்தாம் மாதத்தில்தான் மார்பில் கட்டி தெரியவந்தது. வயிற்றில் பிள்ளையோடு சத்திரசிகிச்சை செய்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் மருந்து ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். அதன்பின் சில மருந்துகளைக் கொடுக்கலாம். பிரசவத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் பிள்ளை பிறந்து, கிருமித்தொற்றும் இரத்தப்போக்கும் வரலாம். மெதொட்ரெக்சேற் கூடவே கூடாது. ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து வயிற்றில் பிள்ளையைச் சுற்றியிருக்கும் பன்னீரைக் குறைத்துவிடும். கதிர்ச்சிகிச்சையைப் பொதுவாகப் பிரசவத்துக்குப் பின்னுக்குத் தள்ளுவார்கள்.

பெறாமகன் சுகமாகப் பிறந்தான். ஆனால் பிரசவத்தின் பின்னும் மருந்து தொடர்ந்ததால் பால் கொடுக்க முடியவில்லை. மருந்து பாலில் கலக்கும். மற்ற மார்பில் சுரந்ததை மச்சாள் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொட்டுவார், பக்கத்தில் பிள்ளை அழுதுகொண்டிருப்பான். பார்க்க வந்தவர்கள் பால்மா தகரத்தைக் கண்டதும் "தாய்ப்பால் கொடுக்கவில்லையா?" என்று அவரிடமே கேட்டார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை. தமொக்சிபெனோடும் பால் கொடுப்பதில்லை; அது சுரப்பையே குறைத்துவிடும். உங்கள் தங்கைக்கு அப்படி ஒரு நிலை வந்தால், வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரு தங்கவில்லையென்றால் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். தமொக்சிபென் எடுக்கும்போது மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தங்கலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு மூன்று மாதக் கருத்தடை ஊசியும் ஹோர்மோன் உள்ள கருத்தடைக் குளிசையும் பொருந்தாது. கருப்பையில் வைக்கும் செப்பு லூப் அல்லது ஆணுறைதான் வழி. ஊசி போடச் சொல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கு இந்த நோய் தெரியாமல் இருக்கலாம், தங்கைதான் சொல்ல வேண்டும்.

பிள்ளை ஆசையையும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். தமொக்சிபென் போன்ற ஹோர்மோன் சிகிச்சையை 18 முதல் 30 மாதங்கள் எடுத்தபின், கர்ப்பத்துக்காக 2 ஆண்டுகள் வரை இடைநிறுத்திய பெண்களுக்கு, குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எப்போது நிறுத்துவது, எத்தனை மாதம் கழித்து முயல்வது என்பதை அவர் நோயின் தன்மையைப் பார்த்துச் சொல்வார். போகும்போது புற்றுநோய்க் கிளினிக் கொப்பி, கர்ப்பிணிக் கிளினிக் அட்டை இரண்டையும் கொண்டுபோங்கள், இரண்டு பக்கத்து வைத்தியர்களும் இரண்டையும் பார்க்கட்டும்.