ராயபுரத்தின் பழமையைக் காத்த பெரியவரை எப்படி நினைவுகூர்வது?

ராயபுரத்தின் பழமையைக் காக்கவே உழைத்த பெரியவர் மறைந்துவிட்டார், சிலை வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். சிலைக்கு முன் அவர் சேர்த்துவைத்த படங்களையும் தாள்களையும் காப்பாற்றுங்கள். அதுதானே அவருடைய வாழ்நாள் வேலை!

வடசென்னையில் கடலோர ஈரமும் உப்பும்தான் முதல் எதிரி. ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் உடனே எடுங்கள். துருக்கறை தாளை அரித்துவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் பிரிப்பது அரிது. சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தால் முகமே பெயர்ந்து வரும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்: 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு, 3 பிரதிகள், அதில் ஒன்று வேறொரு வீட்டில். மழைநீர் புகும் தெருவென்றால் பெட்டி தரையில் இருக்கக் கூடாது.

படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு என்பதைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

நினைவு நாளன்று, 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து காலை 6.30-க்கு ஒரு நடை போகலாம். 20 பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வருபவர்களுக்குக் கேட்காது. அந்தந்த இடத்தில் அவர் சேர்த்த படத்தின் நகலைக் காட்டுங்கள், அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.