பாம்பும் குதிரையும்

அன்புள்ள ஐயா,

புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆள் வராத நேரத்தில் கல்குலேட்டரில் பாம்பு வளைவதுபோல அமத்தினேன்: 7, 4, 1 கீழே, 2, 5, 8 மேலே, 9, 6, 3 கீழே. 741258963. இதில் 74 இரண்டால் வகுபடுகிறது, 741 மூன்றால், 7412 நான்கால். இப்படியே ஒன்பது வரை. ஏழில் மட்டும் 2 மிஞ்சுகிறது. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே தடவை வந்து, ஏழையும் தாண்டுகிற எண் உண்டா?

வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

உண்டு. ஒன்றே ஒன்று: 381654729. விடையை உடைத்துவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், ருசியான பகுதி இனித்தான்.

உங்கள் கடிதத்தோடு வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ் ஏறினேன். கோட்டை வருமுன் டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஐந்தாம் இடத்தில் 5 தான் நிற்கமுடியும். 2, 4, 6, 8 ஆம் இடங்களில் இரட்டை எண்கள், மிச்சமெல்லாம் ஒற்றை. நான்காம் இடத்துக்கு முன்னால் ஒற்றை எண் நிற்பதால், நான்கால் வகுபட அங்கே 2 அல்லது 6 வேண்டும்: 12, 16, 32, 36 சரி, 14, 18 சரிவராது. எட்டாம் இடத்துக்கும் இதே கதை. ஆக 4 உம் 8 உம் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குத் தள்ளப்படுகின்றன. முதல் மூன்று இலக்கங்களின் கூட்டுத்தொகையும், முதல் ஆறின் கூட்டுத்தொகையும் மூன்றால் வகுபடுவதால் இடையிலுள்ள மூன்றினதும் வகுபட வேண்டும். அது 258, இல்லாவிட்டால் 654. முதலாவது உங்கள் கல்குலேட்டரின் நடு நிரல். மற்றது நடு நிரையை வலமிருந்து வாசித்தது.

எட்டின் விதியையும் போட்டு வடித்தால் பத்தே பத்து எண்கள் மிஞ்சும். (ஒன்பதைப் பற்றிக் கவலை இல்லை, கூட்டுத்தொகை எப்படியும் 45.) 258 பக்கம் இரண்டு: உங்கள் பாம்பும் 147258963 உம். 654 பக்கம் எட்டு. பத்தும் ஏழைத் தவிர எல்லாவற்றிலும் தேறும். ஏழுக்கு ஒவ்வொன்றாக வகுத்துத்தான் பார்த்தேன். பஸ் குலுக்கலில் ஒரு தடவை பிழைவிட்டு, இரண்டு விடை என்று கொஞ்ச நேரம் மகிழ்ந்தும் இருந்தேன். 3816547 ஐ ஏழால் வகுத்தால் 545221, மீதி இல்லை. மற்ற ஒன்பதும் விழுந்தன.

விழுந்தவற்றில் ஒன்று யார் தெரியுமா? 987654321! ஏழில் 5 மிஞ்சிவிட்டது, பாவம். ஆனால் அதன் முதல் எட்டு இலக்கத்தை எட்டால் வகுங்கள்: 12345679. எட்டை மட்டும் காணவில்லை. அதை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கும்.

வென்ற எண்ணின் பின்னால் ஒரு 0 போட்டால் பத்தாலும் வகுபடும். விரல் போகும் வழியையும் பார்த்தேன். 3, 8, 1, 6: மூன்று தடவையும் சதுரங்கக் குதிரையின் பாய்ச்சல். 6, 5, 4, 7 சாதாரண நடை. பிறகு 7, 2, 9 மறுபடி குதிரை. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அமத்திப் பாருங்கள்.