பட்டியலில் எத்தனையாவது பெயர்?

கேள்வி: அக்கா, நாங்க படுவான்கரை. மகனுக்கு ஒன்பது வயசு, பெருமூளை வாதம். தானா எழும்பி இருக்கவும் ஏலாது. மாசம் ரெண்டு தரம் வாவிக்கு அங்கால உள்ள ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குக் கொண்டுபோகணும். சின்னனா இருக்கக்குள்ள இடுப்பில வச்சு பஸ் ஏறினன். இப்ப 22 கிலோ. பஸ் படி உயரம், நாற்காலி ஏத்த இடமில்ல எண்டுறாங்க. ஓட்டோவுக்குப் போக வர 4,000 ரூபா. போன மூணு மாசத்தில நாலு தரம் போகாம விட்டுட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாசக் கொடுப்பனவுக்கு பிரதேச செயலகத்தில எழுதிக் கொடுத்து 14 மாசம். கேட்டா "பட்டியல் வந்தா சொல்லுவம்" எண்டுதான் பதில். அந்தக் காசு வரும்தானே, அதைக் கட்டலாம் எண்டு இவர் லீசிங்கில பழைய ஓட்டோ ஒண்டு எடுக்கப் பாக்கிறார். எடுக்கலாமா? (வாசகி, மட்டக்களப்பு)

பதில்: எடுக்க வேண்டாம், தங்கச்சி. மற்றதை எல்லாம் பிறகு சொல்கிறேன், முதலில் அவரை அந்தத் தாளில் கையெழுத்து வைக்க விடாதீர்கள். கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. அது வந்தாலும் ஓட்டோத் தவணைக்கும் பெற்றோலுக்கும் காணாது. இரண்டு தவணை தவறினால் வண்டியும் போய்விடும், கட்டிய காசும் போய்விடும். பிந்திய மாதங்களுக்கும் சேர்த்துத் தருவார்கள் என்றும் எண்ண வேண்டாம். நான் சமூக சேவை உத்தியோகத்தராக இருந்த காலத்தில், பெயர் ஏறிய மாதத்திலிருந்துதான் கொடுத்தோம்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை நானும் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறித்தான் உங்கள் கரைக்கு வேலைக்கு வந்தேன். ஒரு மாரி காலத்தில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய தாய் ஒருத்தி ஈரப் பலகையில் வழுக்கினாள். பிள்ளையில் ஒரு கீறலும் இல்லை, அவளுடைய முழங்கை உடைந்தது. நாலு தரம் போகாமல் விட்டதற்கு உங்களை யாரும் குறை சொன்னால் அவள்தான் எனக்கு ஞாபகம் வருவாள்.

"எப்ப வரும்?" என்று கேட்பதை இனி விட்டுவிடுங்கள். மேசையில் இருப்பவருக்கே அது தெரியாது. இத்தனை பேருக்கு என்றுதான் நிதி வருகிறது. தகுதியானவர்கள் அதைவிடக் கூட இருந்தால் மிச்சப் பேர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார்கள். ஒரு வெற்றிடம் வந்தால், அல்லது மேலதிக நிதி வந்தால் பட்டியல் நகரும். ஆகவே கேட்க வேண்டியவை வேறு. என் மகனின் விண்ணப்பம் எந்தத் திகதியில் பதியப்பட்டது? பட்டியலில் அவன் எத்தனையாவது? கடந்த 12 மாதங்களில் அந்தப் பட்டியலிலிருந்து எத்தனை பேருக்குக் கொடுப்பனவு தொடங்கியது? ஏதும் ஆவணம் குறைகிறதா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மருத்துவ அறிக்கையில் ஒரு முத்திரை இல்லாததால் மாதக்கணக்கில் கிடந்த கோப்புகளை நானே கண்டிருக்கிறேன். தாய்க்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவற்றைத் தமிழிலேயே எழுதி, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதாகக் குறிப்பிட்டு, பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கான துண்டைத் திகதியோடு வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பதில் இல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டு அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் எழுதலாம், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் மட்டக்களப்பில் இருக்கிறது. அங்கே வாயால் முறையிட்டாலும் எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் அதுவரை பிள்ளையின் பயிற்சி நிற்கக் கூடாது. உங்கள் கணக்கின்படி பயணத்துக்கு மட்டும் மாதம் 8,000 ரூபா. நாளைக்கே கொடுப்பனவு வந்தாலும் மிஞ்சுவது 2,000. ஆகவே பயணச் செலவைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். அடுத்த தரம் போகும்போது கிளினிக் கொப்பியைக் காட்டி, வேறு கிளினிக்குகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளுக்கு மாற்றித் தரக் கேளுங்கள். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை உங்கள் கையால் செய்வித்துக் காட்டச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டு நின்றால் வீட்டுக்கு வந்ததும் மறந்துபோகும். உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இதே ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, இரண்டு குடும்பமாக ஒரு நாளில் ஒரு வேன் பிடித்தால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், நாற்காலியையும் மடித்துப் பின்னால் வைக்கலாம்.

நாற்காலி என்றதும் ஒன்று கேட்க வேண்டும். அது அவனுக்கு அளவெடுத்துக் கொடுத்ததா, யாரோ தந்த பெரியவர்களுடையதா? இடுப்புக்கு இரு பக்கமும் நிறைய இடம் மிஞ்சினால் அது அவனுக்கு உரியதல்ல. சரிந்தபடி இருந்தே முதுகு வளையக்கூடும். கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களமும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும் உதவு உபகரணங்கள் கொடுப்பது உண்டு. ஒன்று மாகாணம், மற்றது மத்தி. கொடுப்பனவு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, இதுவும் அதற்குள் அடங்கும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அடங்காது, தனியாகக் கேட்க வேண்டும். உடற்பயிற்சி வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பிள்ளையின் அளவுகள், பஸ்ஸில் கொண்டுவர முடியாத நிலை, மாதம் எத்தனை தரம் வர வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்று பிரதி எடுத்து ஒன்றை நாற்காலி விண்ணப்பத்தோடும், இன்னொன்றைக் கொடுப்பனவுக் கோப்பிலும் சேர்க்கக் கொடுத்து, மூன்றாவதைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

பட்டியலில் எத்தனையாவது என்ற பதில் வந்ததும் அந்தத் தாளின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், தங்கச்சி. இலக்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடிதத்தை இருவருமாக எழுதுவோம்.