எக்ஸ்-ரேயில் தெரியாத மணிக்கட்டு முறிவு

கேள்வி: பைக் சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தான் என் மகன் (வயது 22). அன்றே எடுத்த எக்ஸ்-ரேயில் முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். 10 நாளாகியும் கட்டைவிரல் பக்கம் வலிக்கிறது. எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

பதில்: நீவவே வேண்டாம். கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டச் சொல்லுங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அங்கே அழுத்திப் பாருங்கள். மறு கையிலும் அதே இடத்தை அழுத்துங்கள். அடிபட்ட கையில் மட்டும் சுரீரென்று வலித்தால், ஸ்காஃபாய்டு முறிவு இருக்கலாம். முந்திரிப்பருப்பு அளவே உள்ள எலும்பு அது. விரிசல் மயிரிழையாக இருந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சகஜம். அதனால்தான் சந்தேகம் இருந்தாலே கட்டுப் போட்டுவிட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுப்போம். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் 'ஸ்காஃபாய்டு வியூ' வேண்டும் என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முதல் சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: முறிவு என்றால் ஆபரேஷன்தானா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. எலும்பு விலகாமல், நடுப்பகுதியில் முறிந்திருந்தால் முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு போதும். 6 முதல் 8 வாரம். துண்டுகள் 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் ஸ்க்ரூ போடுவதே நல்லது. தலையில்லாத ஸ்க்ரூ அது. இரு முனைகளிலும் மரையின் இடைவெளி வேறு வேறாக இருப்பதால், திருகத் திருகத் துண்டுகளை நெருக்கிப் பிடிக்கும்.

முன்கையை ஒட்டிய முனை முறிந்தால்தான் எங்களுக்குக் கவலை அதிகம். இந்த எலும்புக்கு ரத்தத்தின் பெரும்பகுதி விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. முறிவு அந்த வழியை அறுத்துவிட்டால் பின்துண்டு பட்டினி கிடந்து செத்துவிடும். இந்த முனை முறிவு குணமாக 12 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். பெரும்பாலும் ஸ்க்ரூவே போடுகிறோம்.

வலி எலும்பு கூடுவதற்கு முன்பே அடங்கிவிடும். அதை நம்பித் தாங்களாகவே கட்டைப் பிரித்துவிடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கூடாமல் விட்ட முறிவு சில வருடங்களில் மணிக்கட்டையே தேய்த்துவிடும். கூடாத முறிவைச் சேர்க்க இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து ஒட்ட வேண்டி வரலாம். கூடிவிட்டதா என்பதில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் பார்த்த பிறகே பைக்கைத் தொடட்டும். வீக்கம் வற்றிக் கட்டு தளர்ந்தால் உடனே மாற்றுங்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். எலும்பு கூடுவதை அது கெடுக்கும்.