இருவர் சேர்ந்து செய்யும் இசை – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஜேர்மன் மின்னணு இசைக்குழுவான கிராஃப்ட்வேர்க் பற்றி நீங்கள் எழுதியிருந்த சின்னக் குறிப்பை வாசித்துவிட்டு அவர்களுடைய இசையைத் தேடிக் கேட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. நானும் என் மாமி மகனும் உப்புவெளியில் இருக்கிறோம். பழைய லப்டொப் ஒன்றில் எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளைப் போட்டு இரவில் இசை செய்கிறோம். கொஞ்சம் ட்ராக் சேர்ந்திருக்கிறது, ஒன்றையும் இன்னும் வெளியே விடவில்லை.

எங்களுக்கு மூன்று பிரச்சினை. முதலாவது, வீட்டில் இதை இசை என்று ஏற்கிறார்களில்லை. "பட்டனை அமத்த வாற சத்தத்துக்கு நீங்கள் என்ன செய்தீங்கள்?" என்று பெரியப்பா கேட்கிறார். எங்கள் இருவருக்கும் ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பதால் வாய் திறக்க முடிவதில்லை. இரண்டாவது, நாங்கள் செய்வது எங்களுக்கே வேறு யாரோ செய்தது மாதிரி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தெரிந்தவர் ஒருவர், "ஷெல் சத்தம், ஹெலி சத்தம், அழுகைச் சத்தம் போடுங்கோ. உங்கட அடையாளம் அதுதான். இங்க உள்ளவங்கள் அப்பதான் கவனிப்பாங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்குமோ என்றும் யோசிக்கிறேன். மூன்றாவது, நான் செய்வதையெல்லாம் மச்சான் அழிக்கிறான். இரவிரவாக இருந்து நான் ஒரு ட்ராக்கில் இருபது ஒலி அடுக்கு வைத்தால் விடியப் பார்க்கும்போது ஐந்து மிஞ்சியிருக்கும். இதனால் முகம் பார்க்காமல் திரிந்த நாட்களும் உண்டு.

கிராஃப்ட்வேர்க்கின் அந்த இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள்? கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?

அன்புடன்,
க.
திருகோணமலை

அன்புள்ள க.,

உங்கள் மூன்றாவது பிரச்சினைக்குள்தான் மற்ற இரண்டுக்கும் பதில் கிடக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் போகமுதல் அந்த இரண்டு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்போம்.

ரால்ஃப் ஹூட்டர் 1946இல் பிறந்தவர், ஃப்ளோரியான் ஷ்னைடர் 1947இல். போரில் தோற்ற ஜேர்மனியின் நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்த காலம் அது. 1960களின் இறுதியில் டுசல்டோர்ஃப் நகரில் இசை மாணவர்களாகச் சந்தித்துக்கொண்டார்கள். ஷ்னைடர் புல்லாங்குழல், ஹூட்டர் ஓர்கன். 1970இல் கிராஃப்ட்வேர்க் தொடங்கியது. மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, 1972இல் வந்த இரண்டாவது இசைத்தட்டைச் செய்யும்போது இவர்கள் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். ட்ரம் அடிக்க ஆளில்லை. அதனால் ஒரு ட்ரம் மெஷினை வைத்துச் சமாளித்தார்கள். பின்னாளில் அவர்களுடைய முத்திரை என்று உலகம் கொண்டாடிய இயந்திரத் தாளம், ஆளில்லாத குறையில் உள்ளே வந்தது. வாத்தியம் தெரியாது என்று நீங்கள் வெட்கப்படுவதை வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஷ்னைடர் முறையாகக் குழல் பயின்றவர். ஒரே நாளில் அதைக் கைவிடவில்லை. முதலில் குழலுக்கு ஒரு ஒலிவாங்கி வைத்தார், பிறகு எதிரொலிக் கருவியை இணைத்தார், பிறகு மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசர் வந்தது. போகப்போக, குழலிலிருந்து வெளியேறிய ஒலிக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதே அவரை இழுத்தது. பெரியப்பாவின் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பட்டனை அமத்தினால் சத்தம் வரும்தான். காலையில் உங்கள் ஒழுங்கைக்கு வரும் பாண் விற்கிற ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பீத்தோவனின் 'ஃப்யூர் எலீஸ்' மெட்டை ஒரு சின்ன மின்னணுச் சில்லில் இருந்து கீச்சிட்டுக்கொண்டு வருகிறது. தூரத்தில் மெல்லியதாகத் தொடங்கும், வாசலுக்கு வரும்போது காதைத் துளைக்கும், தாண்டிப் போகிற கணத்தில் சுருதி அரைக்கட்டை இறங்கியது போலத் தொய்யும். யாராவது மறித்துப் பாண் வாங்கினால் ஒரு சுரத்தின் நடுவில் அறுந்துபோகும். ஓட்டோக்காரர் அமத்தியது ஒரு பட்டன். அந்தத் தொய்வையும் அறுந்த இடத்தையும் கவனித்து, இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பவர் செய்வது இசை. பெரியப்பாவுக்கு நீங்கள் இதை வாயால் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அவர் காலையில் கேட்கிற அந்த மெட்டைப் பதிவு செய்து, அதை வைத்து நீங்கள் செய்ததைப் போட்டுக் காட்டுங்கள்.

இனி அவர்களுடைய பாதிப்புகள். நீங்கள் இதை நிதானமாக வாசிக்க வேண்டும். ஹூட்டர் தன் பேட்டிகளில் பல விதமாகச் சொல்லிவந்த ஒன்று, தங்கள் தலைமுறைக்குக் கையளிக்கப்பட்ட இசை ஒன்றும் இருக்கவில்லை என்பது. தகப்பன்மாரின் இசை போரின் கறை படிந்து கிடந்தது. வானொலியைத் திருப்பினால் அமெரிக்கப் பாட்டு, பிரித்தானியப் பாட்டு. அவர்களுக்குக் கைகொடுத்தது அருகிலிருந்த கொலோன் நகரம். அங்கிருந்த வானொலி நிலையம் 1951இல் மின்னணு இசைக்கென்றே ஒரு ஒலிக்கூடம் அமைத்திருந்தது. மின்னணு இசையின் முன்னோடியான இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசன் வேலை செய்த இடம். அங்கு உருவான விநோதமான ஒலிகளை வானொலி பின்னிரவுகளில் ஒலிபரப்பியது. இவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். அதே ஆட்கள் அமெரிக்க பொப் குழுவான பீச் பாய்ஸின் மெட்டுகளையும் விரும்பிக் கேட்டார்கள். இரண்டையும் ஒரே காதால் கேட்டதுதான் விசேஷம்.

திருகோணமலையில் பிறந்தவனுக்கு இந்த வானொலிக் கதையில் தனியான ஒரு ஒட்டுதல் வரும். ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லவின் மறு ஒலிபரப்பு நிலையம் 1980களிலிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் நம்முடைய ஊரில்தான் இருந்தது. ஜேர்மனியிலிருந்து வந்த நிகழ்ச்சிகளைச் சிற்றலையில் ஆசியா எங்கும் அனுப்பியது நம்முடைய கரையிலிருந்த அன்ரனாக்கள். அப்பாவின் ரேடியோவில் சிற்றலைப் பக்கம் முள்ளைத் திருப்பினால், நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் ஒரு விசில் எழும்பும், ஏறும், இறங்கும், ஒரு புள்ளியில் காணாமல் போகும். இரண்டு அலைகள் மிக நெருங்கும்போது அவற்றுக்கிடையிலான வித்தியாசம் மூன்றாவதொரு ஒலியாகக் காதில் விழுவது அது. இரண்டு நிலையங்களில் ஒன்றுமே அந்த விசிலை ஒலிபரப்புவதில்லை. சிந்தசைசரில் இரண்டு ஒலி மூலங்களைச் சுருதி பிசகவிட்டால் ஒலி தடித்து அசைகிறதே, அதுவும் இந்தச் சங்கதிதான். ஸ்டொக்ஹவுசன் 1968இல் சிற்றலை வானொலிப் பெட்டிகளையே வாத்தியங்களாக வைத்து ஒரு படைப்புச் செய்தார். கிராஃப்ட்வேர்க் 1975இல் ஒரு முழு இசைத்தட்டையே வானொலிக்கும் கதிரியக்கத்துக்கும் ஒதுக்கியது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ரேடியோ கிடந்தால் இறக்கி எடுங்கள். அது ஒரு சிந்தசைசர்.

அந்த வெளிநாட்டு அன்பர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஷெல் சத்தத்தைப் போடாதீர்கள்.

கிராஃப்ட்வேர்க்கின் இருவரும் குண்டுகள் தின்ற நாட்டில் பிறந்தவர்கள். விரும்பியிருந்தால் சைரனும் விமானமுமாக நிரப்பியிருக்கலாம். 1974இல் அவர்கள் எடுத்தது நெடுஞ்சாலையை. 'ஓட்டோபான்' என்ற அந்தப் பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கார்க் கதவு சாத்தப்படுகிறது, இஞ்சின் உயிர்க்கிறது, பயணம் தொடங்குகிறது. நாஜி அரசு தன் சாதனையென்று மேளமடித்த அதே சாலைகள்தான். அவற்றை ஒரு சாதாரண மனிதன் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டிப் போகிற இடமாக மாற்றி, ஜேர்மன் மொழியிலேயே பாடினார்கள். போர் அந்தப் பாட்டில் இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. அந்த அமைதியான சாலையின் அடியில் அது இருக்கிறது, தெரிந்தவர்களுக்குக் கேட்கும். அழுகைச் சத்தத்தைச் சாம்பிளாக, அதாவது பதிவிலிருந்து வெட்டிய துண்டாக, வைத்தால் முதலில் அழுதவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும். அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. கேட்கிறவர் ஒரு நொடி உறைந்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார், நீங்கள் இசையில் செய்த எதையும் அவர் கேட்டிருக்கமாட்டார். உங்கள் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தை நம்புங்கள்.

அதற்காக ஊர்ச் சத்தங்களை அப்படியே அள்ளி வைத்தாலும் இசையாகிவிடாது. 1977இல் ஐரோப்பிய ரயில்களைப் பற்றிய இசைத்தட்டைச் செய்தபோது, தண்டவாளச் சத்தத்தைப் பதிந்து ஒட்டிவிடவில்லை அவர்கள். சக்கரம் தண்டவாள இணைப்பில் விழுகிற தாளத்தைக் காதில் வாங்கி, அதைக் கொஞ்சம் மாற்றி, ஆடக்கூடிய தாளமாகத் தங்கள் கருவிகளில் திருப்பிக் கட்டினார்கள். அந்த இசைத்தட்டின் மெட்டை நியூயோர்க்கின் பிரொன்க்ஸ் பகுதியிலிருந்து வந்த ஹிப்ஹொப் கலைஞர் ஆஃப்ரிக்கா பம்பாட்டா 1982இல் எடுத்துத் தன் 'பிளானெட் ரொக்' பாட்டில் வைத்தார். கறுப்பின இளைஞர்கள் தெருவில் அதற்கு ஆடினார்கள். அந்த ரயிலில் ஒருநாளும் ஏறாதவர்கள். ஹூட்டரும் ஷ்னைடரும் யாருக்கும் அடையாளம் காட்டப் புறப்படவில்லை. தினமும் காதில் விழுந்ததை ஒழுங்காகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கரைவலை இருக்கிறது. இப்போதும் கையால் இழுக்கிற இடம் ஏதாவது இருந்தால் போய் நில்லுங்கள். வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று ஏந்துவார்கள். வலை பாரமாகும்போது பாட்டு தாழும், இடைவெளி நீளும். மீன் மடி கரைக்கு வரவர வேகம் பிடிக்கும். கொம்பியூட்டரில் ஒரே வேகத்தில் ஓடுகிற பீட்டுக்கு இது தெரியாது. நீங்கள் அந்தக் குரல்களைச் சாம்பிள் எடுக்கத் தேவையில்லை. பாரத்துக்கு ஏற்ப வேகம் மாறுகிற அந்த முறையை எடுங்கள்.

இப்போது மச்சான். டுசல்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேலைத்தலத்தை எடுத்து, கிளிங் கிளாங் என்று பெயர் வைத்து, அங்கே ஒழுங்காகப் போய் வேலை செய்தார்கள் அந்த இருவரும். தங்களை இசைத் தொழிலாளர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஷ்னைடர் ஒலிப் பித்தர், தான் சொல் பித்தர் என்ற பொருளில் ஹூட்டர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒருவர் ஒரு ஓசையின் உள்ளே போய் அதையே தேய்த்துக்கொண்டிருப்பார், மற்றவர் அது பாட்டில் எங்கே உட்காரும் என்று பார்ப்பார். 1981இல் வந்த 'கொம்பியூட்டர் வேர்ல்ட்' முந்தைய இசைத்தட்டுக்கு மூன்று வருடம் கழித்து வந்தது. மொத்தமே முப்பத்தைந்து நிமிடம் வராது. ஒவ்வொரு ஓசைக்கும் இரண்டு பக்கமும் காற்றோட்டம் இருக்கும் அதில். ஒரு ஆள் தனியாக இருந்து அப்படிக் கழிக்க முடியாது, தான் பெற்றதைத் தானே வெட்டக் கை வராது.

நம்முடைய இரட்டைப் புலவர்களைத்தான் பாருங்களேன். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் வெண்பாவின் முன்பாதியைச் சொல்ல மற்றவர் பின்பாதியை முடிப்பார் என்று கதை. முன்பாதி சொன்னவர் எப்படி முடியவேண்டும் என்று மனதில் ஒன்று வைத்திருப்பார். மற்றவர் அதை வேறெங்கோ கொண்டுபோய் முடிக்கும்போது, அந்தப் பாட்டு இருவருக்குமே புதிது. இருபது அடுக்கில் பதினைந்தை மச்சான் தூக்கியது உங்களுக்கு வலிக்கும். ஆனால் உங்கள் ட்ராக் வேறு யாரோ செய்தது மாதிரி இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வேறு யாரோ பெரும்பாலும் நீக்கப்பட்ட பதினைந்துக்குள்தான் இருப்பார். கேட்டுப் பழகிய பாட்டுகளிலிருந்து கை தானாக எடுத்து வைக்கிறவை அவை.

ஆனால் மச்சான் செய்கிற முறை எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். நீங்கள் தூங்கும்போது அழிப்பது சேர்ந்து செய்கிற வேலை அல்ல. இருவரும் பக்கத்தில் இருக்க, ஒவ்வொரு அடுக்கையும் தனியே ஓடவிட்டு, பிறகு எடுத்துவிட்டு ஓடவிட்டு, ஏன் என்று அவர் சொல்லட்டும். நீங்கள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பதற்காக வாதாடுங்கள். முகம் பார்க்காமல் திரிவதைவிடச் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பது இசைக்கு நல்லது.

அழிப்பதற்கு ஒரு எல்லையும் வேண்டும். 1983இல் வரும் என்று அறிவித்த இசைத்தட்டைக் கிராஃப்ட்வேர்க் திரும்பத் திரும்பத் திருத்தி, அது வேறு பெயரில் 1986இல்தான் வந்தது. அதற்குள் அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் முன்னே போய்விட்டார்கள். பிறகு புதுப் பாட்டுகளோடு அடுத்த முழு இசைத்தட்டு வர 2003 ஆனது. 2008இல் ஷ்னைடர் விலகினார், 2020இல் இறந்தார். அந்த நீண்ட இடைவெளியில் எத்தனை நல்ல பாட்டுகள் தேய்த்துத் தேய்த்தே காணாமல் போயிருக்கும் என்று நினைக்க எனக்கு மிகுந்த கவலை வரும். அதனால்தான் கேட்கிறேன், சேர்ந்து கிடக்கும் ட்ராக்குகளில் ஒன்றை இந்த மாதமே வெளியே விடுங்கள். குறையோடு விடுங்கள்.

எனக்கும் அனுப்புங்கள். மச்சான் தூக்கிய அடுக்குகள் எங்காவது மிஞ்சியிருந்தால் அவற்றையும் தனியே அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அண்ணா