அண்ணனுக்கு இல்லாத அபராதம் எங்களுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: கல்யாணத்துக்காக இரண்டு பிள்ளைகளையும் பள்ளி நாட்களில் ஒரு வாரம் யாழ்ப்பாணம் கூட்டிப் போனோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து 320 பவுண்டு அபராதம். அதே கல்யாணத்துக்கு வந்த அண்ணன் குடும்பம் அடுத்த கவுன்சிலில் (உள்ளாட்சிப் பகுதியில்) இருக்கிறது; அவர்களுக்கு ஒரு கடிதம்கூட இல்லை. அப்பீல் செய்யலாமா? (வாசகி, லண்டன்)

பதில்: முடியாது. இந்த அபராத நோட்டீஸுக்கு அப்பீலே கிடையாது. 28 நாளுக்குள் கட்டாவிட்டால் கவுன்சில் வழக்குப் போடலாம். கோர்ட்டில் "அண்ணனுக்குப் போடவில்லையே" என்பது எடுபடாது. "மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வந்தாள்" என்பதும் எடுபடாது. 2017-லேயே, பள்ளி நாளில் மகளை விடுமுறைக்குக் கூட்டிப் போன ஓர் அப்பா மீதான ஐல் ஆஃப் வைட் வழக்கில், பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது.

உங்கள் கணக்கு சரிதான்: ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. நான்கு நோட்டீஸ். 2024 ஆகஸ்ட் வரை எத்தனை நாளுக்கு அபராதம் என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. இப்போது இங்கிலாந்து முழுவதும் ஒரே எல்லை: 10 பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாத 10 அரைநாள். ஐந்து நாள் போனால் சரியாகப் பத்து. வருகைப் பதிவை மூடிய பிறகு தாமதமாக வந்தால் அதுவும் ஒரு அரைநாள்தான்; நாலு நாள் விடுமுறையோடு இரண்டு தாமதம் சேர்ந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லையை ஒன்றாக்கினார்கள், முடிவெடுப்பவரை ஒன்றாக்கவில்லை. 'விதிவிலக்கான சூழ்நிலை'யில் மட்டுமே விடுமுறைக்கு அனுமதி; அது எது என்பது தலைமை ஆசிரியர் கையில். அண்ணன் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்கலாம். ஒன்பது அரைநாளோடு திரும்பியிருக்கலாம். எல்லையைத் தொட்டும் அந்தப் பள்ளி நோட்டீஸ் வேண்டாமென்று விட்டிருக்கலாம். எல்லையைத் தொட்டால் பள்ளி பரிசீலித்தே ஆக வேண்டும், அபராதம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு நியாயம் என்பது அநியாயம்தான். ஆனால் சட்டப்படி அது தப்பில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: பிள்ளைகளின் வருகைப் பதிவைக் கேட்டு வாங்கி, அந்த வாரத்துக்கு என்ன குறியீடு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஜி' என்றால் அனுமதியில்லாத விடுமுறை. அனுமதி தந்த நாளுக்கும் தவறுதலாக 'ஜி' விழுந்திருந்தால், கடிதத்தோடு கவுன்சிலுக்கு எழுதுங்கள். நோட்டீஸைத் திரும்பப் பெற அவர்களால் முடியும். போன பிறகு அனுமதி கேட்பது வீண். அடுத்த தடவை "காய்ச்சல்" என்று எழுதிக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். பிள்ளை கையில் மருதாணியோடு வகுப்புக்குப் போகும்.

80 பவுண்டு 21 நாள் வரைதான், பிறகு 160. மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாம் நோட்டீஸ் வந்தால் முதல் நாளே 160. மூன்றாவது முறை நோட்டீஸ் கிடையாது. கவுன்சில் நேரே கோர்ட்டுக்கே போகலாம், அங்கே அபராதம் 2,500 பவுண்டு வரை.