1950களின் சயின்ஸ் ஃபிக்ஷன் போஸ்டரில் இருக்கும் காட்சி படத்தில் ஏன் இருப்பதில்லை?

போஸ்டரின் வேலை டிக்கெட் விற்பது, கதை சொல்வதல்ல. 1958இல் வந்த 'அட்டாக் ஆஃப் தி 50 ஃபுட் உமன்' போஸ்டரைப் பாருங்கள். ரெனால்ட் பிரவுன் வரைந்தது. மேம்பாலச் சாலையின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கிறாள் ராட்சதப் பெண். கையில் ஒரு கார், கீழே நொறுங்கிய வண்டிகள், சிதறி ஓடும் ஜனங்கள். படத்தில் அந்தப் பாலமே கிடையாது! பட்ஜெட் அவ்வளவுதான், ராட்சதப் பெண்ணின் உடம்பு வழியே பின்னணி தெரியும். தூரிகைக்கு ஏது பட்ஜெட்?

குறைந்த செலவில் படம் எடுத்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. தலைப்பும் போஸ்டரும் முதலில். அது எடுபட்ட பிறகுதான் திரைக்கதையே எழுதினார்கள்.

பெரிய ஸ்டுடியோக்களும் சளைத்தவையல்ல. எம்.ஜி.எம்.மின் 'ஃபர்பிடன் பிளானட்' (1956) போஸ்டரில் மயங்கிய பெண்ணை ஏந்தி மிரட்டும் ராபி ரோபோ, படத்தில் மனிதரைக் காயப்படுத்தவே முடியாத சாது.